ஆறாவது ஆள் பற்றிய விளக்கம்

1. இருந்தவர்களும் இருந்த இடமும்

படகின் மூக்கில், காலைத் தொங்கவிட்டபடி, சின்னவள், அக்காவின் இளைய மகள். அவளுக்குப் பின்னால் கயிற்றுச் சுருளின்மேல் அவள் புருஷன். புதுமாப்பிள்ளை, பல் வைத்தியர், அன்று காலையிலிருந்து கண்ணைத் திறக்க விரும்பாதவர். நடுவில் கூரைக்குக் கீழே, இடது பெஞ்சில் அக்கா, மடியில் சாப்பாட்டுக் கூடை. வலது பெஞ்சில் தபால் மாமா. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தான், அதாவது அக்காவின் கணவர். அவர் உட்காரவில்லை. படகு வாங்கி ஏழு வருஷமாகிறது, அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஆக மொத்தம் ஐந்து பேர். வாசகர் விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். அவசரமில்லை.

இது கதையாகத் தொடங்கவில்லை. துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "மேற்படி படகில் ஐந்து பேர் இருக்க, ஆறு பேர் என்று தெரிவிக்கப்பட்டது எவ்வாறு என்பதற்குப் பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்." விளக்கம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரியை நிரப்பத்தான் தபால் மாமா உட்கார்ந்தார். நிரம்பி, வழிந்து, இங்கே வந்து நிற்கிறது.

அவர் யார் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. அக்காவின் தம்பி. குழாயில் தண்ணீர் வராததிலிருந்து, சம்பந்தி வீட்டாரிடம் 'இந்த முறை வர இயலவில்லை' என்று மனம் கோணாமல் சொல்வதுவரை, இந்தக் குடும்பத்தின் கடிதமெல்லாம் அவர் கையால்தான் போகும். பட்டப்பெயர் அப்படி வந்தது. இதை எழுதுகிறவரும் அவரே. 'நான்' என்று எழுதலாம்தான். ஆனால் அவர் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதத்தை 'நான்' என்று தொடங்கினால் விரல் முட்டியில் அடி விழும். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த முட்டிக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே அவர் இதில் 'அவர்'தான்.

2. தள்ளிவிட்ட தொடக்கங்கள்

முதலாவது: "நீலக் கடல் அன்று ஒரு—"

ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தார். கடல் அன்று கடலாகத்தான் இருந்தது.

இரண்டாவது: "அனுப்புநர், பெறுநர், பொருள்: ஒரு ஆள் அதிகமானது தொடர்பாக." இது அவருக்குத் திருப்தியாக இருந்தது. தோளுக்கு மேலே எட்டிப் படித்த சின்னவள், ஆள் குறைந்துபோனதாகக் கடிதம் எழுதுபவர்கள் உண்டு, அதிகமானதற்கு எழுதுகிற முதல் ஆள் நீங்கள்தான் மாமா என்றாள்.

மூன்றாவது: "நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் தகப்பனும் மகளும்—"

இதை முடிக்கவில்லை. அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், முடித்தால் படிப்பாள். [இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். முடித்துவிடலாம்.]

அத்தான் லாரி எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய மகளுக்கு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டாலே போதும், எந்த வால்வு அடம்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். பட்டறை அவளுக்குத்தான் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளோ பெரிய நகரத்துத் துறைமுகத்தில், ரேடியோவில் கப்பல்களுக்கு வழி சொல்லும் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, கிடைத்து, பெட்டியும் கட்டிவிட்டாள். "போனா போனதுதான்" என்றார் அத்தான். "சரிப்பா" என்றாள் அவள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம். கோளாறே அதுதான்.

அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

3. டீசல்

வருஷத்துக்கு ஒருமுறை கரையோரமாகவே மூன்று நாள் படகில் போய்வருவது இந்தக் குடும்பத்தின் வழக்கம். நாலு வருஷமாக அத்தான் பெரிய துறைமுகத்தைத் தள்ளியே சுற்றிக்கொண்டு போனார், மிதிக்கக்கூடாததை விட்டு ஒதுங்கிப் போகிற மாதிரி. இந்த வருஷம் அக்கா அங்கே நின்றுதான் போகவேண்டும் என்றாள். காரணம், டீசல் போடணும். தொட்டி முக்கால் நிரம்பியிருந்தது.

"முக்கால்னா, கால் குறையுதில்ல" என்றாள்.

அத்தான் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பினார். அன்று காலை அவர் சவரம் செய்திருந்தார், ஆடுகிற படகில் நின்றபடி. தாடையில் இரண்டு இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. டீசல் போடுவதற்கு யாரும் சவரம் செய்துகொண்டு போவதில்லை.

இன்னொன்றும் இங்கே பதிவாக வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே தபால் மாமா பெரியவளுக்கு எழுதிவிட்டார். மாதம் ஒரு கடிதம் அவளுக்குப் போகும், பதிலும் வரும். 'வியாழன் காலை பத்து மணிக்கு மேல் வருகிறோம். ஐந்து பேர். மூக்கில் உன் தங்கை, அவள் பின்னால் மாப்பிள்ளை...' என்று யார் எங்கே இருப்பார்கள் என்பது வரைக்கும். இப்படி வரிசை போடாவிட்டால் அவருக்கு அடுத்த பத்தி வராது.

4. எத்தனை பேர்

பெரிய நகரத்துத் துறைமுகத்துக்குள் சின்னப் படகு நுழைவது, யானைக் கூட்டத்துக்குள் எறும்பு புகுந்து விலாசம் விசாரிப்பது மாதிரி. எட்டு மாடி உயரத்துக்கு இரும்புப் பெட்டிகளை அடுக்கிய கப்பலொன்று வெளியே வரத் தயாராகிக்கொண்டிருந்தது. பயணிகள் படகுகள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தன. எந்தப் பக்கம் ஊதல் கேட்டாலும் அத்தானைத் திட்டுவது போலவே இருந்தது. மாப்பிள்ளை எழுந்து விளிம்புக்குப் போனார், மூன்றாவது தடவையாக.

[சின்னவளின் ஆட்சேபம்: அவர் ஒரு தடவைதான் வாந்தி எடுத்தார். எழுதுகிறவரின் பதில்: சரி. ஒரு தடவை, மூன்று தவணையில்.]

உள்ளே வருகிற எந்தப் படகும் ரேடியோவில் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: படகு எண், எங்கிருந்து, எதற்கு, எத்தனை பேர். படித்துறையில் ஒருவர் நின்று தலையை எண்ணிப் பார்ப்பார். சொன்னதும் எண்ணியதும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், நடுவில் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

அத்தான் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தித் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"துறைமுகக் கட்டுப்பாடு. சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

பெரியவள். குரல் கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். அக்கா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கூடை பேசிவிடுமோ என்பது போல.

அத்தான் எண் சொன்னார். எங்கிருந்து என்று சொன்னார். எதற்கு என்றதற்கு டீசல் என்றார். எல்லாம் பரீட்சைக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, பிசகில்லாமல்.

"படகுல எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

தபால் மாமா நிமிர்ந்தார். முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. நீளமான இரைச்சல்.

"திரும்பச் சொல்லுங்க. எத்தனை பேர்?"

"ஆறு பேரும்மா" என்றார் அத்தான்.

"ஆறு பேர். குறிச்சுக்கிட்டேன். மூணாம் படித்துறைக்கு வாங்க." கொஞ்சம் விட்டு, "மெதுவா வாங்க."

அக்காவுக்குக் கேட்டதா என்று பிற்பாடு விசாரித்ததில், 'நான் கூடையப் பிடிச்சிட்டிருந்தேன்' என்கிறாள். கூடையைக் காதாலா பிடிப்பார்கள்? ஆனால் அக்காவிடம் அப்படியெல்லாம் கேட்க முடியாது.

5. இரண்டு பாத்திரங்களைப் பற்றி ஒரு சந்தேகம்

கதையை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. எழுதுகிறவருக்கே தன் பாத்திரங்கள்மேல் நம்பிக்கை ஆடுகிறது.

பழக்க தோஷத்தில் பழைய கணக்கைச் சொல்லிவிட்டார் என்று எழுதினால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கு ஒத்துக்கொள்ளாது. பெரியவள் வீட்டில் இருந்த காலத்தில் அந்தப் படகில் போனவர்கள் அத்தான், அக்கா, இரண்டு மகள்கள், தபால் மாமா. ஐந்து. மாப்பிள்ளை வந்ததே இந்த வருஷம். பழக்கம் பேசியிருந்தால் 'ஐந்து' என்று பேசியிருக்கும். அதிர்ஷ்டவசமாக அது சரியாகவும் இருந்திருக்கும். அந்தப் படகில் ஆறு என்ற எண்ணை அந்த மனிதர் அதற்கு முன் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. புதிதாகக் கூட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளையைச் சேர்த்து, பெரியவளையும் விடாமல்.

அதாவது, வாய் தவறவில்லை. வாய்தான் சரியாகக் கூட்டியது. ஆளுக்குத்தான் விஷயம் தெரியாது.

சரி, பெரியவள்? அவளுக்கு ஐந்து என்று தெரியும். தபால் மாமாவின் கடிதம், உட்காரும் இடத்தோடு, அவள் கைப்பையில் இருந்தது. பிறகு ஏன் ஆறு என்று குறித்தாள்?

(அ) காதில் விழுந்ததைக் குறிப்பதுதான் விதி.
(ஆ) கடைசி நேரத்தில் யாராவது தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.
(இ)

மூன்றாவதை எழுத மூன்று முறை பேனாவைத் திறந்தார். மூடிவிட்டார்.

6. நாற்பது நிமிஷம்

படித்துறையில் நோட்டுப் புத்தகமும் கையுமாக நின்ற எண்ணிக்கைக்காரர் பேனா முனையால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். மாப்பிள்ளையைக் கண்ணைத் திறக்கச் சொல்லி எண்ணினார். ஆறாவது ஆள் எங்கே என்று கேட்டதற்கு, எந்த ஆறாவது ஆள் என்றார் அத்தான். எண்ணிக்கைக்காரர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கூடையின் மூடியையும் திறந்து பார்த்தார். அதை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

அதற்கப்புறம் நடந்ததை அடக்கமாகத்தான் எழுத வேண்டும். துறைமுகம் நின்றது. எட்டு மாடிக் கப்பல் நின்றது. பயணிகள் படகுகள் நின்ற இடத்திலேயே ஆடின. ஆபீசுக்கு நேரமானவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். மீட்புப் படகு வந்த வழியெல்லாம் தேடியது. ஒருவர் மிதக்கிற தலையைப் பார்த்துவிட்டதாகக் கத்தினார். அது மாப்பிள்ளையின் தொப்பி.

நாற்பது நிமிஷம். அதற்குள் மூன்று அதிகாரிகள் வந்து கேட்டார்கள். மூன்று பேரிடமும் அத்தான் ஒரே பதிலைச் சொன்னார்.

"நான் அஞ்சுன்னுதான் சொன்னேன். அங்க இருக்கறவங்க தப்பா எழுதியிருக்காங்க."

'அங்கே' என்று சொன்னபோது கை, ரேடியோ அறை இருந்த கண்ணாடிக் கோபுரத்தைக் காட்டியது. முகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பொய் சொல்கிறவர் முகம் எப்படியிருக்கும் என்று தபால் மாமாவுக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இது அந்த முகமில்லை. அத்தான் அதை நம்பினார்.

இரண்டு நிமிஷம் மேலே போய்வர முடியுமா என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். ரேடியோவில் இருந்த பெண்ணை எழுப்பி வேறொருவரை உட்காரவைத்தாயிற்று, விசாரணை நடக்கிறது, யாரும் பார்க்க முடியாது என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மதியம்வரை இருந்துவிட்டு ஐந்து பேரும் புறப்பட்டார்கள். கூடையை மட்டும் எண்ணிக்கைக்காரரிடம் கொடுத்து மேலே சேர்க்கச் சொன்னாள் அக்கா. மூடியைத் திறந்து பார்த்த கடனுக்கு அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டதால் அவளைப் பார்க்க முடியாமல் போனது. இதைத்தான் அந்த இரண்டு வரியில் எழுதச் சொல்கிறார்கள்.

வெளியேறும்போது ரேடியோவில் ஆண்குரல். எத்தனை பேர் என்றது. அத்தான் திரும்பி நின்று ஒவ்வொருவராக விரலால் சுட்டி எண்ணினார், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அதற்குள் அந்தக் குரல் இரண்டு தடவை கேட்டுவிட்டது. "அஞ்சு" என்றார். டீசல் போட மறந்துபோனது ஊருக்குப் பாதி வழி வந்தபிறகுதான் தெரிந்தது.

7. இணைப்பு

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு இன்னொரு தாளையும் இணைத்திருந்தார்கள். பணியில் இருந்தவரின் விளக்கம். ஒரே வரி. 'எண்ணிக்கையை நான் தவறாகக் குறித்திருக்கலாம்.' கீழே பெரியவளின் கையெழுத்து.

விதியும் அச்சிட்டிருந்தது. இரண்டு விளக்கமும் ஒத்துப்போனால் கோப்பு மூடப்படும்; மாறுபட்டால் ரேடியோப் பதிவு எடுத்துக் கேட்கப்படும். தவறு படகோட்டியுடையது என்றால் ஒரு வருஷத்துக்குப் படகை எடுக்கக்கூடாது. பணியாளருடையது என்றால் அவர் ரேடியோ அறையிலிருந்து கோப்பு அறைக்கு மாற்றப்படுவார்.

தபால் மாமா படித்துக் காட்டினார். அத்தான் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாத்தியா மச்சான். அவளே ஒத்துக்கிட்டா."

சொல்லிவிட்டு வெற்றியோடு காபியை எடுத்தார். குடிக்கவில்லை. எழுந்து பட்டறைக்குப் போய், மறுநாள் காலை ஆள் வந்து எடுத்துப்போகத் தயாராக இருந்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினொன்றை அக்கக்காகக் கழற்றிப் போட்டார். இரண்டு நாள் அதை மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் வந்து கேட்டதற்கு, சத்தம் சரியில்லை என்றாராம்.

மூன்றாம் நாள் தபால் மாமா இரண்டு வரைவு தயார் செய்தார். ஒன்று: 'ஐயா, நான் ஐந்து என்றே தெரிவித்தேன். குறித்ததில் தவறு நேர்ந்திருக்கலாம்.' இரண்டு: 'ஐயா, நான் ஆறு என்று தெரிவித்தேன். பணியாளர் நான் சொன்னதையே குறித்தார், தவறு என்னுடையது.' இரண்டும் இரண்டே வரி. இரண்டிலும் எழுத்து அழகாக வந்திருந்தது.

அக்கா இரண்டையும் படித்தாள். புருஷன் பக்கம் திரும்பி, "வாயில வந்தத மறுபடி முழுங்காதீங்க" என்றாள். கேட்காத காது எது, கேட்ட காது எது என்பது அன்றைக்குத் தீர்ந்தது.

8. மூன்று முடிவுகள்

முதல் முடிவு. அத்தான் முதல் வரைவில் கையெழுத்திடுகிறார். கோப்பு மூடப்படுகிறது. பெரியவள் கோப்பு அறையில் தூசி தட்டுகிறாள். அடுத்த வருஷம் படகு துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. இது நடக்கக்கூடிய முடிவு. அதனாலேயே பிடிக்கவில்லை.

இரண்டாம் முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்படுகிறது. பெட்டியோடு பெரியவள். அத்தான் கதவைத் திறந்து, உள்ளே திரும்பி, 'இப்ப எண்ணுங்கய்யா' என்கிறார்— இதை எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்துவிட்டார். சர்க்கரை அதிகம். எறும்பு வந்துவிடும்.

மூன்றாம் முடிவைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முப்பது வருஷமாக அத்தானுக்காகக் கடிதம் எழுதுகிறவருக்கு அத்தானின் கையெழுத்து தெரியாதா? முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசியில் ஒரு வால். இரண்டாவது வரைவில் சுழியும் வாலும் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? பேனாவைத் தாளுக்கு ஒரு நூல் உயரம்வரை கொண்டுபோனார்.

வைத்துவிட்டார். வாசகங்களை யாருக்காக வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், கையெழுத்து அவரவருடையது. இந்த ஒரு நியாயத்தை விட்டுவிட்டால் அப்புறம் அவர் தொழிலில் மிச்சம் ஒன்றும் இல்லை. இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் பேனாவை வைத்து, அத்தானைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போனார்.

9.

அவர் திரும்பி வந்தபோது அத்தான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தாள் இருந்தது, அடியில் சுழியும் வாலும். இன்னொரு தாள்மேல் காபி டம்ளர் இருந்தது. டம்ளருக்கு அடியில் தெரிந்த எழுத்து: 'ஐயா, நான் ஐந்து என்றே'. அதன்மேல் வட்ட வட்டமாகக் கறை.

"இது போனா யாரு பாப்பாங்க?" என்றார் அத்தான்.

"அவ விளக்கத்தோட சேத்துப் பின் பண்ணுவாங்க. அவகிட்ட காட்டிட்டுத்தான் கோப்ப மூடுவாங்க."

அத்தான் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு வரிதான் எழுதணுமா?"

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு அத்தான்."

அவர் தாளைத் திருப்பினார். இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு, பக்கத்துப் பையன் காப்பியடித்துவிடுவான் என்று பயப்படுகிற மாணவன் மாதிரி, எழுதத் தொடங்கினார். ரசீதுக்கு மேல் எதையும் எழுதியறியாத கை. தபால் மாமா ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. பேனா நின்று நின்று ஓடுகிற சத்தம் கேட்டது. நீளமாக ஒரு தரம் நின்றது. மறுபடி ஓடியது.

முடித்ததும் அத்தான் தாளை நாலாக மடித்தார். ஆபீஸ் கடிதத்தை மூன்றாகத்தான் மடிக்க வேண்டும். தபால் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உறையில் போட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த குழாயைப் பிதுக்கி, எஞ்சின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் எண்ணெய் கசியாமலிருக்கப் பூசுகிற கறுப்புப் பசையை நாலு விளிம்பிலும் தடவி அழுத்தினார்.

"கெட்டிலு ஆவியில கவரப் பிரிக்கிறவங்கள எனக்குத் தெரியும் மச்சான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

முப்பது வருஷத்தில் தபால் மாமா படிக்காமல் அனுப்புகிற முதல் கடிதம். அதனால் பின்பக்கத்தை இங்கே எழுத இயலவில்லை. அவருடைய வரைவு தேவைப்படாத இடம் அது. வாசகருக்கு ஏதாவது தோன்றினால், கீழே இடம் விட்டிருக்கிறது. இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

. . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . .

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கவுன்டரில் இருந்த பெண் உறையை வாங்கித் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உள்ள எத்தனை தாளுங்க?"

"ஒண்ணுதாம்மா."

"ஒரு தாளா இவ்வளவு கனம்?"

பசையைச் சொல்லலாமா என்று யோசித்தார். "ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு" என்றார்.

அவள் முத்திரையை மையில் ஒற்றி, உறையின்மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.